கச்சிப் பாடமும் எண்ணாயிரத்துப் பாடமும்

பி.ஏ. தத்துவம் படிக்க நினைக்கும் வாலாஜாபாத் பிள்ளைக்கு ரயில் வசதி இருக்கிறது. செங்கல்பட்டு வழியாகத் தாம்பரம் போனால் சென்னை கிறித்தவக் கல்லூரி. இன்னும் போனால் மயிலாப்பூரில் விவேகானந்தா கல்லூரி. எதை முதலில் படிப்பது என்பதுதான் கடினமான கேள்வி. அதற்குப் பழைய விடைகள் இரண்டு உண்டு.

ஒன்று மணிமேகலைக் காப்பியம். வஞ்சி நகரில் அதன் நாயகி மணிமேகலை முதலில் பல சமயத்தார் சொல்வதைக் கேட்கிறாள். அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துப் பேர் தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். அறிவதற்கான அளவைகள் வியாதனுக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்கிறான் அளவைவாதி. கேட்பவருக்குத் தலை சுற்றும். பிறகு கச்சி எனப்படும் காஞ்சியில், 29ஆம் காதையில், பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் சொல்லித் தருகிறார்: அளவை இரண்டே, காட்சியும் கருத்தும், மற்றவை கருத்துக்குள் அடங்கும். வாதம் எங்கெல்லாம் பிழைபடும் என்றும் காட்டுகிறார். ஒலி செவிக்குப் புலனாகாது என்று ஒருவன் சொன்னால், கேட்கும் காதே அதை மறுத்துவிடும். பௌத்தத்தின் பன்னிரு சார்புகளின் விளக்கம் 30ஆம் காதையில்தான் வருகிறது.

மற்றொன்று சோழர் கல்வெட்டு. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில் வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்லூரி நடந்தது. கூடவே 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. பாடத்திட்டம் இன்னும் தெளிவாகத் தெரிவது முதலாம் ராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்லூரியில். மாணவர் 340 பேர். இளையோர் 270 பேருக்கு வேத மனனமும் ரூபாவதார இலக்கணமும். மூத்தோர் 70 பேரில் வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. வாக்கியத்துக்குப் பொருள் காணும் மீமாம்சையில் இலக்கணம் இல்லாமல் கால் வைக்க முடியாது.

பாட வரிசையில் என் மனம் கச்சியின் பக்கம். சந்தேகம் எழுந்த பிறகு படிக்கும் தருக்கம்தான் ஒட்டும். ஆனால் மொழிப் பயிற்சியை எண்ணாயிரத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர் தத்துவ அறிஞர் காண்ட்டை ஆங்கிலத்தில் படிக்கத் திணறுவது அறிவுக் குறைவால் அல்ல.

அந்த இரண்டிலும் வாசல் குறுகலானது. எண்ணாயிரத்தில் வேதம் ஓதும் குலத்து ஆண்களுக்கே இடம். மணிமேகலையோ வஞ்சியில் ஆண் துறவி வேடத்தில்தான் கேட்க முடிந்தது.

சோற்றில் இரண்டும் ஒன்று. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தால் உணவளித்த பிறகே மணிமேகலை பாடம் கேட்கிறாள். எண்ணாயிரத்தில் இளையவனுக்கு நாளுக்கு ஆறு நாழி நெல், மூத்தவனுக்குப் பத்து நாழி. இன்று 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். முதலாண்டிலும் மூன்றாமாண்டிலும் அதே தொகைதான். மூத்தவனுக்குக் கூடுதலாக அளந்த கல்வெட்டின் கணக்கை அரசு ஒருமுறை பார்க்கலாம்.