ஐந்நூறு மீட்டர்

ஜெயங்கொண்டத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயிலேற வேண்டுமெனில் பேருந்தில் அரியலூருக்குப் போயாக வேண்டும். அவ்வாறிருக்க, சென்னையின் பறக்கும் ரயில் பற்றி நாம் எழுதப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ரயிலின் கதையில் நம் ஊர்க்காரர் நன்கறிந்த பகுதி ஒன்றுண்டு. அதற்கு முன், அது ஓடும் தடத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுவோம்.

1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 ஏப்ரலில் நின்றது. 1931இல் வந்த கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலோ நகரின் மேற்குப் பக்கமாகவே போயிற்று. கிழக்கே திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வாசிகளுக்கு டிராம் போனபின் பேருந்தே கதியாயிற்று. அந்தக் குறையை நீக்க, கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் தடம் 1983-84இல் ஒப்புதல் பெற்றது.

நெரிசல் மிக்க நகரில் தடம் போட நிலத்துக்கு எங்கே போவது? பக்கிங்காம் கால்வாய் கண்ணில் பட்டது. அன்று அது வெறும் சாக்கடை. ஆனால் அதன் பிறப்பை மறப்பதற்கில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த கைகள் வெட்டிய அந்தக் கால்வாய்க்கு, அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் வாய்த்தது. படகுப் போக்குவரத்து 1960களின் புயல்களுக்குப் பிறகு ஒடுங்கிப்போனது. அரசின் உடைமையாதலால் இழப்பீடு பெரிதாகத் தர வேண்டியதில்லை. கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

நமக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் வெட்டுவித்த ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு பாராட்டும். சென்னையிலோ தூண்களுக்கு இடம்விட்டு நீர் ஒதுங்கிக்கொண்டது. கால்வாயைத் தூண்கள் குறுக்கிவிட்டன என்று வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. ஆறு, கால்வாய்களின் மீதும் ஊடேயும் வேலை செய்ய ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது என்ற வாதமே வென்றது.

நிலம் எளிதில் கிடைத்தும் வேலை விரையவில்லை. பணம் துளித்துளியாக வந்ததே முதற்காரணம். 1995 நவம்பரில் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும் ரயில் ஓடிற்று. இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இருபங்கை மாநில அரசு ஏற்றது. 2004இல் திருவான்மியூரும் 2007 நவம்பரில் வேளச்சேரியும் வந்தன. இருபது கிலோமீட்டருக்கு இருபதாண்டுகளுக்கும் மேலாயிற்று! இத்தனைக்கும் பிறகு, ஆட்கள் நடமாடும் கடைத்தெருவைப் பாராமல் கால்வாய் போன வழியே ரயிலும் போயிற்று. நிலையங்களின் பெருங்கூடங்கள் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்றே நாம் கருதுகிறோம்.

வேளச்சேரிக்கு அப்பால் பரங்கிமலை வரை எஞ்சியது ஐந்து கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கியது. ஆனால் இங்கே கால்வாய் துணைக்கு வரவில்லை. மக்களின் மனைகளைக் கேட்க நேர்ந்தது. நாலரைக் கிலோமீட்டருக்குத் தூண்கள் எழுந்து நின்றுவிட்டன. ஆதம்பாக்கம் பக்கத்தில் ஐந்நூறு மீட்டர் மட்டும் நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டது. 2013இல் வந்த புதிய நில எடுப்புச் சட்டத்தின்படியே இழப்பீடு வேண்டும் என்பது உரிமையாளர்களின் வாதம். இதற்கிடையே, 2009இல் வேலை தொடங்கிய மெட்ரோ ரயில் 2016இலேயே பரங்கிமலையைத் தொட்டுவிட்டது. பறக்கும் ரயிலின் எஞ்சிய வேலையோ 2022ஆம் ஆண்டளவில்தான் மீண்டும் உயிர்பெற்றது. 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகர் அருகே பாலத்தின் உத்தரம் ஒன்று சரிந்து சாலையில் விழுந்தது.

அந்த ஐந்நூறு மீட்டரைப் பற்றிய செய்திகளில், நிலம் தர மறுத்தவர்கள் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்களாகவே தோன்றினர். நம்மால் அப்படிப் படிக்க இயலவில்லை. 1990களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காகச் சுற்றுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்பட்டது. தொகை போதாதென்று உழவர்கள் வழக்காடினர். இருபதாண்டுகளுக்கு மேலாகியும் சுரங்கம் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. இறுதியில் திட்டமே கைவிடப்பட்டு, நிலத்தைத் திருப்பித்தர அரசு முடிவு செய்தது. அதற்குள் வழக்குப் போட்ட தந்தையர் பலர் மறைந்து, மக்கள் வாய்தாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தனர். பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போனவர்களும் அவர்களுள் உண்டு.