இரண்டு கிணறுகள்

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த தெரு நண்பர் வந்து சேர்ந்தார். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர். முகத்தில் கல்யாணக் களை.

"நாளைக்கு நம் வீட்டில் போர் போடுகிறோம், ஸார்! நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றுவிட்டது. நீங்கள் அவசியம் வர வேண்டும்."

"எத்தனை அடி?" என்று கேட்டேன்.

"தண்ணீர் வருகிற வரையில்!" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குப் பாரிஸ் நகரம் ஞாபகத்துக்கு வந்தது. கதை எழுதுகிறவனிடம் அகப்பட்டுக்கொண்டால் இதுதான் கஷ்டம். நண்பர் பாவம், உட்கார்ந்து கேட்டார். வாசகர்களும் சற்று உட்கார வேண்டும்.

பிரான்சு தேசத்தின் வடக்கே ஆர்த்துவா என்று ஒரு பிரதேசம். பூமியைத் துளைத்தால் ஜலம் தானாகவே மேலே எழும்பி வரும் ஊற்றுக் கிணறுகளுக்குப் பெயர் பெற்ற இடம். 'ஆர்ட்டீசியன்' என்று அத்தகைய கிணறுகளுக்கு ஏற்பட்ட பெயர் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். பாரிஸிலும் அப்படி ஒன்று வேண்டுமென்று, கிரெனெல் என்னும் இடத்தில், ஆடுமாடு அறுக்கும் கொட்டடிக்குள் 1833-ஆம் ஆண்டின் இறுதியில் துளைக்க ஆரம்பித்தார்கள். வேலையை ஏற்றுக்கொண்டவர் மூலோ என்பவர்.

மாதங்கள் போயின, வருஷங்களும் போயின. ஜலத்தைக் காணோம். 1837-ல் துளைக்கும் கருவி ஒடிந்து உள்ளே விழுந்தது. அதை வெளியே எடுப்பதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஆனாலும் வேலையைக் கைவிடவில்லை. அராகோ என்ற பேரறிஞர் அதற்குத் துணையாக நின்றார். அவருடைய நம்பிக்கை தேங்காயிலிருந்து பிறந்ததல்ல, பாறையிலிருந்து பிறந்தது. பாரிஸின் அடியில் மண் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கிண்ணங்களைப் போல் அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று மணல் அடுக்கு. அதன் விளிம்பு நகரத்துக்குக் கிழக்கேயும் தென்கிழக்கேயும் வெகு தூரத்தில், உயரமான நிலத்தில் வெளியே தெரிகிறது. அங்கே பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, பாரிஸின் அடியில் அழுத்தத்துடன் காத்துக்கொண்டிருக்கிறது.

1841 பிப்ரவரி 26-ஆம் தேதி, சுமார் 1,800 அடி ஆழத்தில், அந்த ஜலம் அகப்பட்டது. வெதுவெதுப்பான நீர் பொங்கி எழுந்தது. ஏழு வருஷப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம். ஆனால், ஒரு வீட்டில் நல்ல போர் அமைந்தால் அடுத்த வீட்டுக்காரருக்குத் தூக்கம் வருமா? மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள பாஸியில் இன்னும் அகலமான கிணறு ஒன்றைக் கிண்ட் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் துளைத்தார். 1857-ல் மேலே இருந்த களிமண் நெருக்கி இரும்பு உறையை நசுக்கிவிட்டது. அதைச் சீர்ப்படுத்தவே வருஷங்கள் ஆயின. கடைசியில் 1861 செப்டம்பரில் பாஸியில் ஜலம் பிரமாதமாகப் பொங்கிற்று. ஓரிரு நாளில் கிரெனெல் கிணற்றில் வரத்துக் குறைந்து போயிற்று!

இரண்டு கிணறுகள், ஆனால் ஜலம் ஒன்றுதான். மண்ணுக்கு மேலேதான் மதில் சுவர் உண்டு.

நண்பர் மௌனமாக இருந்தார். அவரிடம் என் சொந்தக் கதையையும் சொன்னேன்.

பல வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டில் 180 அடிக்குப் போர் போட்டோம். தெருவே வந்து பார்த்தது. மறு கோடையில் பின் வீட்டுப் பாட்டியின் உறைகிணறு வற்றியது. எங்கள் போர்தான் காரணமென்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்த வருஷம் மழையும் குறைவுதான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல் குழாயடிக்கு வந்தாள். "உங்கள் வீட்டில் தண்ணீர் நன்றாய் வருகிறதே, அப்பா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்படியானால் போர் போடவே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்டார் நண்பர்.

அப்படியில்லை. போடுமுன் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் விசாரிக்க வேண்டும். நிலத்தடிப் பாறையைப் பற்றி அறிந்தவரைக் கேட்க வேண்டும். அனுமதி தேவையான ஊரில் முன்கூட்டியே அதை வாங்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு எட்ட இடம் பார்க்க வேண்டும். மேல் மண் சரியாதபடியும், சாக்கடை கசிந்து இறங்காதபடியும், கெட்டிப் பாறை வரையில் உறைக்குழாய் இறக்க வேண்டும். பாஸியின் நசுங்கிய உறை நமக்கு ஒரு பாடம். எந்த ஆழத்தில் என்ன மண், என்ன பாறை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முதலில் பீறிடுவதைக் கண்டு மயங்காமல், சில மணி நேரம் இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். குடிக்குமுன் நீரைப் பரிசோதிக்க வேண்டும். பயனற்றுப் போன துளையை ஒரு நாள்கூடத் திறந்து வைக்கலாகாது. அது குழந்தைகளுக்கு எமன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பலர் அதை வரி மாதிரி நினைத்தார்கள். நான் அதைப் பழைய கடனைத் தீர்க்கும் வழியாக நினைத்தேன்.

நண்பர் மறுநாள் போர் போட்டார். அதற்குப் பக்கத்திலேயே மழைநீருக்கு ஒரு குழியும் வெட்டினார்.

பாட்டி இப்போது இல்லை. அவளுடைய கிணறு இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் விழும் மழை, மணலிலும் ஜல்லியிலும் வடிந்து, அந்தக் கிணற்றில்தான் போய் விழுகிறது.