சிபியோ வீட்டு நிலவறை

எங்க லைன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். டீமே சேர்ந்து ராத்திரி பகலா முடிச்ச வேலை, ரெஸ்யூமேல ஏறும்போது "நான் முடித்தேன்" ஆகிவிடும். இது ஏதோ நம்ம காலத்து வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2200 வருஷத்துக்கு முந்தைய ரெஸ்யூமே ஒன்று கல்லிலேயே இருக்கிறது என்று தெரிந்தபிறகு கொஞ்சம் நிம்மதி :-)

ரோம் நகரத்தில் ஆப்பியா சாலை ஓரம் ஒரு நிலவறைக் கல்லறை இருக்கிறது. கார்னேலியஸ் குலத்தின் ஒரு கிளையான சிபியோ குடும்பத்தினுடையது. நகருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பழைய ரோமச் சட்டம். அதனால் பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி சாலையோரம் இடம் பிடித்தார்கள். மிருதுவான எரிமலைப் பாறையைக் குடைந்து, நடுவே நாலு தூண்களை அப்படியே விட்டு, சுற்றிலும் நடைகள். சுவர் ஓரமாகக் கல்பெட்டிகள். சுமார் முப்பது பேரை இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் கால ரோமர்கள் பெரும்பாலும் எரிப்பவர்கள். கார்னேலியஸ் குலத்தார் மட்டும் விடாப்பிடியாகப் புதைப்பவர்கள். அந்தக் குலத்துப் பெரிய மனிதர்களில் முதலில் எரிக்கப்பட்டவர் சர்வாதிகாரி சுல்லா (கி.மு. 78). எதிரியான மாரியஸின் உடலைத் தோண்டியெடுத்தவர் அவர். தனக்கும் அதே கதி வருமோ என்ற பயமாம்!

நிலவறையின் மூத்த குடி லூசியஸ் சிபியோ பர்பாட்டஸ். கி.மு. 298-இல் கான்சல். வருஷத்துக்கு இரண்டு பேர் மட்டும் வகிக்கிற உச்ச பதவி அது. வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம் அவருக்குத்தான். அவர் பெட்டியில்தான் நான் சொன்ன ரெஸ்யூமே. சாம்னியம் பகுதியில் இரண்டு ஊர்களைப் பிடித்தார், லுக்கானியா முழுவதையும் அடக்கினார், பிணைக்கைதிகளைக் கொண்டுவந்தார் என்று போகிறது.

இங்கேதான் சிக்கல். வரலாற்றாசிரியர் லிவி எழுதியதைப் பார்த்தால், அந்த வருஷம் பர்பாட்டஸ் போனது வடக்கே, எட்ரஸ்கன்களோடு சண்டை போட. சாம்னியர்களை ஜெயித்தது கூட இருந்த இன்னொரு கான்சல், ஃபுல்வியஸ்! கல்லில் இருக்கிற லத்தீனும், பர்பாட்டஸ் மகனின் கல்லில் இருக்கிற லத்தீனைவிடப் புதுசாகத் தெரிகிறது. அதனால் அப்பா செத்துப் பல பத்தாண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகள் எழுதியது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேலே ஒன்றரை வரி செதுக்கி அழிக்கப்பட்டிருக்கிறது. அங்கே என்ன இருந்தது என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

சரி, குடும்பத்தின் சூப்பர் ஸ்டார் யார்? கி.மு. 202-இல் ஜாமா போரில் ஹானிபலைத் தோற்கடித்த சிபியோ ஆஃப்ரிக்கானஸ். ரோம் பிழைத்ததே அவரால்தான் என்று சொல்லலாம். கிடைத்த கல்வெட்டுகள் எதிலும் அவர் பெயர் இல்லை.

காரணம், கணக்கு வழக்கு. அவருடைய தம்பி லூசியஸ், சிரியாவின் மன்னர் அந்தியோகஸை வென்றார். அங்கே வாங்கிய பணத்துக்குக் கணக்கு எங்கே என்று செனட்டில் கேட்டார்கள். அண்ணன் கணக்குப் புத்தகத்தை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டதாகக் கதை. கடைசியில் வெறுத்துப்போய் தெற்கே லிட்டர்னம் என்ற ஊரில் இருந்த தன் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். கி.மு. 183 வாக்கில் இறந்தார். ரோமில்தான் புதைத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு என்று லிவியே எழுதுகிறார். ஆனால் லிட்டர்னத்திலும் அவருக்கு நினைவுச்சின்னம் இருந்தது.

இதில் வேடிக்கையைப் பாருங்க. அந்தத் தம்பியின் மகன் ஒருவர் 33 வயதில் இறந்து இதே நிலவறையில் இருக்கிறார். அவர் கல்லில், அப்பா அந்தியோகஸை அடக்கியவர் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். எந்தப் போரின் பணம் பெரியப்பாவை ஊரைவிட்டு ஓட வைத்ததோ, அதே போர் இங்கே குடும்பப் பெருமை. கணக்கு பற்றிப் பேச்சே இல்லை.

இந்தக் குடும்பத்தின் கதை இங்கே முடியவில்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஆரேலியன் கட்டிய மதில் இந்த இடத்தையும் நகருக்குள் சேர்த்துக்கொண்டது. இடைக்காலத்தில் இதற்குள்ளேயே ஒரு சுண்ணாம்புக் காளவாய் போட்டார்கள். 1614-இல் ஒரு கல்வெட்டு வெளிவந்தது, பிறகு மறந்துபோனது. 1780-இல் அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சகோதரர்கள் நிலவறையை விரிவாக்கத் தோண்டியபோது மறுபடி அகப்பட்டது. பர்பாட்டஸின் பெட்டி வாத்திகன் அருங்காட்சியகத்துக்குப் போனது. எலும்புகளை வெனிஸ் செனட்டர் ஒருவர் வாங்கிப்போய் பாதுவா பக்கம் தன் மாளிகையில் வைத்தார். கல்லறையில் இப்போது நிற்பது நகல். 1992-இல் மூடிய இடம், 2011 கடைசியில்தான் திரும்பத் திறந்தது. எரிக்காமல் பத்திரமாகப் புதைத்த குடும்பம். கடைசியில் எலும்பும் மிஞ்சவில்லை.

எனக்குப் பிடித்தது ஜெயித்தவர்கள் கல் இல்லை. இருபது வயதில் செத்துப்போன ஒரு சிபியோவின் கல். பதவி எதுவும் வகிக்காத பையன். அவன் வாங்கிய பட்டங்களைத் தேடாதீர்கள், குணத்தில் குறை இல்லாதவன், வயசுதான் போதவில்லை என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்கள். பதினாறு வயதில் போன இன்னொருவனுக்குப் பெயரும் வயதும் மட்டும்.

இந்த இரண்டு கல்லிலும் யாரும் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமே இல்லாதபோதும், கல் வெட்டத் தோன்றியிருக்கிறது பாருங்க. பர்பாட்டஸ் கல்லை எழுதியவர்கள் பெருமைக்காக எழுதினார்கள். இந்தப் பையன்களுக்கு எழுதியவர்கள், பெற்ற வயிறு எரிந்து எழுதியிருக்கிறார்கள். லிவி வந்து சரிபார்க்கத் தேவையில்லாத வரிகள் அவைதான்.