செரெங்கெற்றி: வெற்றுவெளி ஒன்றின் வரலாறு

செரெங்கெற்றிச் சமவெளியைக் காணச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளுக்கான கைநூல்கள், மனிதக் கை படாத ஆதி ஆபிரிக்கா அங்கே எஞ்சியிருக்கிறது எனப் பெரும்பாலும் கூறுகின்றன. தன்சானியாவின் வடபாகத்தில் ஏறத்தாழ 14,750 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கும் இத் தேசிய பூங்காவில், ‘நூ’ எனப்படும் மாட்டுமுக மான்கள் பத்து இலட்சத்துக்கும் மேலாக, வரிக்குதிரைகள் உடன்வர, மழையையும் புல்லையும் தேடி ஆண்டுதோறும் இடம்பெயர்வதை நேரிற் கண்டோர் அக்கூற்றை நம்புவதில் வியப்பில்லை. வரலாறோ அதற்குச் சான்று பகரவில்லை. செரெங்கெற்றி என்னும் பெயரே மசாய் மொழியினின்று வந்தது. முடிவின்றி நீளும் நிலம் என்பது அதன் பொருள் என்பர். அப்பெயரை இட்டவர்கள் அங்கு மாடு மேய்த்தவர்கள். அவர்கள் அந்நிலத்தினின்று அகன்ற வரலாறே இங்கு நோக்கற்பாலது.

1887ஆம் ஆண்டளவில் இத்தாலியப் படையினர் செங்கடற்கரையிலுள்ள மசாவாத் துறைமுகத்துக்கு இந்தியாவிலிருந்து மாடுகளை இறக்கினர் என்றும், அவற்றோடு ‘ரிண்டர்பெஸ்ற்’ எனப்படும் மாட்டுக் கொள்ளைநோயும் வந்திறங்கியது என்றும் ஆய்வாளர் கருதுவர். அதுவரை அந்நோயை அறியாத கிழக்காபிரிக்கக் கால்நடைகளுக்கு அதனை எதிர்க்கும் வலு இருக்கவில்லை. 1890-91இல் மசாய் நாட்டைக் கடந்து, 1897இல் கண்டத்தின் தென்கோடியையும் எட்டிய இக்கொள்ளைநோய், சென்ற இடமெல்லாம் பத்து மாடுகளில் ஒன்பது வரை அழித்தது எனக் கணிக்கப்படுகிறது. காட்டெருமைகளும் நூ மான்களும் தப்பவில்லை. பாலையும் மந்தையையும் நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு மாடு மடிவது, உழவனுக்கு நிலம் பறிபோவதை ஒத்தது. பஞ்சத்தோடு பெரியம்மையும் சேர்ந்தது. 1892இல் இங்கொரொங்கோரோ எரிமலைவாய்க்குள் நுழைந்த ஒஸ்திரியப் பயணி ஒஸ்கார் பௌமான், எலும்பும் தோலுமாய்த் தம் பாசறையைச் சூழ்ந்த பெண்களையும் சிறுவரையும் பற்றி எழுதியுள்ளார். மசாய் மக்களுள் மூன்றிலிரு பங்கினர் மாண்டனர் என்பது அவர் மதிப்பீடு. மேய்ச்சலும் காட்டெரிப்பும் நின்ற இடங்களிற் புதர் மண்டியது. புதரோடு தூக்கநோயைப் பரப்பும் செற்சீ ஈயும் பரவியது. பல பகுதிகளுக்கு மனிதர் திரும்பிவர இயலாதுபோயிற்று.

இந்த வெறுமையையே பின்வந்த ஐரோப்பியர் இயற்கையின் தொன்னிலை எனக் கொண்டனர். அவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் எனக் கொள்ளவேண்டியதில்லை. கண்டதை எழுதினர், காணாததை விசாரிக்கவில்லை. ஜேர்மனியரின் பின் தங்கனிக்காவை ஆண்ட பிரித்தானியர் 1929இல் செரெங்கெற்றியின் ஒரு பகுதியை வேட்டைவிலங்குக் காப்பிடமாக்கினர். 1951இல் தேசிய பூங்கா அமைந்தபோது இங்கொரொங்கோரோவும் அதனுள் அடங்கியது. மசாய் மக்கள் உள்ளே இருக்கலாமா என்ற பிணக்கும் அப்போதே தொடங்கிற்று.

1958இல் மசாய் முதியோர் பன்னிருவர், மேற்கே செரெங்கெற்றியை விட்டு வெளியேறுவதற்கான உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அதற்கு ஈடாக, 1959இல் பூங்காவினின்று பிரிக்கப்பட்ட இங்கொரொங்கோரோப் பாதுகாப்புப் பிரதேசத்தில் அவர்கள் விலங்குகளோடு வாழலாம் என்றாயிற்று. விலங்கின் நலனும் மக்களின் நலனும் முரணுமாயின் மக்களின் நலனே முந்தும் எனத் தேசாதிபதி ரேண்புல் மசாய்ச் சபையில் அவ்வாண்டே உறுதியளித்தார். அதே ஆண்டில், பிராங்பேட் மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளர் பேர்ண்ஹாட் கிறிசிமெக், செரெங்கெற்றி சாகக்கூடாது எனும் பொருள்படும் தலைப்பில் நூலும் திரைப்படமும் வெளியிட்டார். தந்தையும் மகனும் வரிக்குதிரைபோல் வரி தீட்டிய சிறுவிமானத்திற் பறந்து விலங்குகளை எண்ணினர். அப்பணியிலேயே, கழுகொன்று மோதி விமானம் வீழ்ந்து, மகன் மிக்கேல் உயிரிழந்தார். அவர்களது ஈடுபாட்டை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் தேசிய பூங்காவினுள் எம்மனிதரும், சுதேசிகள் உட்பட, வாழலாகாது என்ற அவரது கொள்கை, எழுபது ஆண்டுகளுக்கு முன்னிருந்த மந்தைகளைக் கணக்கிலெடுக்கவில்லை. அத்திரைப்படம் 1960இல் ஒஸ்கார் விருது பெற்றது. அம்முதியோரின் வழக்கைச் சொல்ல அவ்வாறான படமொன்றும் இருக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தது கவனத்துக்குரியது. பூங்காவைச் சூழ்ந்த மேய்ப்பரின் மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டதும் 1960களில் கொள்ளைநோய் காட்டு விலங்குகளையும் விட்டகன்றது. 1961இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாயிருந்த நூ மான்கள் 1970களின் இறுதியிற் பதின்மூன்று இலட்சமளவிற் பெருகின. ஆதி இயற்கை எனப் பிரயாணிகள் வியந்து நோக்கும் அப்பெருந்திரள், மாட்டுக்கு ஏற்றிய ஊசியின் விளைவுமாகும். விலங்குக்கு நோயைக் கொடுத்தவை மேய்ப்பரின் மந்தைகளே என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆனால் அந்நோயை அம்மந்தைகளுக்குக் கொணர்ந்தது ஐரோப்பியரின் கப்பல்.

1959இன் உறுதிமொழி நெடுநாள் நிலைக்கவில்லை. 1974இல் எரிமலைவாயின் தரையில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1975இற் பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டது. 1992இல் அத்தடை தளர்ந்து 2009இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2022 யூனில், செரெங்கெற்றியை அடுத்த லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு எல்லைக்கல் நாட்டப்பட்டபோது மசாய் மக்களுக்கும் பொலிசாருக்குமிடையே மோதல் மூண்டது. அவ்வாண்டு முதல் இங்கொரொங்கோரோவினின்று குடும்பங்கள் பல நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹண்டேனி மாவட்டத்தின் ம்சொமேரா கிராமத்துக்கு லொறிகளிலும் பஸ்களிலும் ஏற்றிச் செல்லப்பட்டன. விரும்பியே செல்கின்றனர் என்றது அரசு. எதிர்த்து ஊர்வலம் வந்தனர் மசாய் மக்கள்.