குறைதடை ஐதரசன் பிணைப்பு

குறைதடை ஐதரசன் பிணைப்பு என்பது, இரு அணுக்கள் மிக நெருங்கி அமைவதால் அவற்றிடையே உள்ள புரோட்டான் ஏறத்தாழத் தடையின்றி இரு பக்கமும் நகரக்கூடிய ஐதரசன் பிணைப்பு ஆகும். நொதிகள் வேதிவினைகளை மிக விரைவாக நிகழ்த்துவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் என்னும் கருதுகோள் 1990களில் முன்வைக்கப்பட்டது. இக்கருதுகோள் இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

அமைப்பு

நீர் மூலக்கூறுகளிடையே உள்ள வழமையான ஐதரசன் பிணைப்பில் இரு ஆக்சிசன் அணுக்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ 2.8 ஆங்ஸ்ட்ராம் ஆகும். புரோட்டான் ஓர் ஆக்சிசனுடன் இறுகப் பிணைந்து, மற்றதனால் மெலிதாக ஈர்க்கப்படுகிறது. இத்தொலைவு ஏறத்தாழ 2.5 ஆங்ஸ்ட்ராமாகக் குறையும்போது, புரோட்டான் கடக்க வேண்டிய ஆற்றல் தடை தாழ்ந்துவிடுகிறது. புரோட்டானை ஈர்க்கும் நாட்டம் இரு அணுக்களுக்கும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் இதற்குத் தேவை.

பைபுளோரைடு அயனி வலிமை மிகு ஐதரசன் பிணைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். வளிம நிலையில் இதன் பிணைப்பு ஆற்றல் ஏறத்தாழ 160 கிலோயூல்/மோல். நீரில் உள்ள பிணைப்புக்கு இது ஏறத்தாழ 20 கிலோயூல்/மோல் மட்டுமே.

நொதிகளில் பங்கு

அறை வெப்பநிலையில் கிளர்வு ஆற்றல் 5.7 கிலோயூல்/மோல் குறைந்தால் வினைவேகம் 10 மடங்கு உயரும். எனவே வினையின் உச்ச ஆற்றல் நிலையில் மட்டும் வலிய பிணைப்பு உருவாகி 40 கிலோயூல்/மோல் ஆற்றலை அளித்தால், வேகம் ஏறத்தாழ 1 கோடி மடங்கு கூடும். 1994இல் கிளீலண்ட், கிரீவாய் ஆகியோர் இக்கருத்தை விரிவாக முன்வைத்தனர். அதே ஆண்டில் பிரே குழுவினர், செரின் புரோட்டியேசு நொதிகளில் இசுட்டிடினுக்கும் ஆசுப்பார்ட்டேட்டுக்கும் இடையே இத்தகைய பிணைப்பு உள்ளது எனக் கூறினர். கைமோட்ரிப்சின் நொதியின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில், மில்லியனுக்கு ஏறத்தாழ 18 பகுதிகள் என்னும் இடத்தில் தோன்றும் குறிகை அவர்களது சான்றுகளுள் ஒன்று.

எதிர்வாதம்

1995இல் வார்செல் உள்ளிட்டோர் இதனை மறுத்தனர். வளிம நிலையில் காணப்படும் வலிமையை நொதிக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதும், நொதியின் வினைத்திறனுக்கு முன்கூட்டியே ஒழுங்குற்ற மின்முனைவுச் சூழலே காரணம் என்பதும் அவர்கள் வாதம். பிணைப்பு குறுகியது என்பதனால் மட்டும் அது வலியது எனக் கொள்ள முடியாது. நீரில் கிடைக்கும் பிணைப்பைவிட அது எவ்வளவு கூடுதலாக உதவுகிறது என்பதே கணக்கில் கொள்ளத்தக்கது.

பிற்கால ஆய்வுகள்

2006இல் ஆல்பா-லைட்டிக் புரோட்டியேசு நொதியின் மிக நுண்ணிய படிக ஆய்வு, இசுட்டிடின்-ஆசுப்பார்ட்டேட்டு பிணைப்பு குறைதடை வகையன்று எனக் காட்டியது. அதே ஆண்டில் கீட்டோசிட்டீராய்டு ஐசோமரேசு நொதியில் நடந்த ஆய்வில், பிணைப்புகள் குறுகியபோதும் பிணைப்பு ஆற்றல் சிறிதளவே மாறியது. ஆனால் மனித டிரான்சுகீட்டோலேசு நொதியில், தொலைவில் உள்ள இரு வினைமையங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்த இப்பிணைப்புகள் உதவுகின்றன என 2019இல் வெளியான ஆய்வு கூறியது. எனவே இப்பிணைப்பு நொதிகளில் உள்ளதா என்பதும், அது வினைவேகத்தை உயர்த்துகிறதா என்பதும் தனித்தனியே விடை காண வேண்டிய இரு வினாக்கள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

நொதி
ஐதரசன் பிணைப்பு
கிளர்வு ஆற்றல்