டாக்டர் ஊரில் நிற்பது எப்படி? நெய்யூரிலிருந்து ஒரு பழைய கணக்கு

இன்று பதிவு கொஞ்சம் நீளம். சமையல் வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வாசித்தால் போதும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். "காய்ச்சலுக்குக்கூட நாகர்கோவில் பஸ் ஏறணும், நல்ல டாக்டர் ஒருத்தரும் அஞ்சுகிராமத்துல நிக்க மாட்டாவ" என்று ஒருவர் எழுதினார். "அந்தக் காலத்து டாக்டர் மாதிரி இப்ப யாரு உண்டு" என்று இன்னொருவர். ராத்திரி பதினொரு மணி வரை ஓடியது. நான் அதில் ஒன்றும் எழுதவில்லை. வரலாறு தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் இந்தக் குறை புதிதல்ல. 1838இல் லண்டன் மிஷன் சங்கம் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்பவரை நெய்யூருக்கு அனுப்பியது. தென் திருவிதாங்கூரில் ஆங்கில மருத்துவம் அவரோடுதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் அவர் போய்விட்டார். பிறகு நீண்ட இடைவெளி. 1850களில் லெய்ச் என்ற இளம் மருத்துவர் வந்தார். 1854இல் முட்டம் கடலில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. (முட்டம் பாறைகளில் நின்று செல்ஃபி எடுக்கும் என் பேரப்பிள்ளைகள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும்.) டாக்டர் வருவார், பிரச்சினை தீர்ந்தது என்று ஊர் நினைக்கும், அவர் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1861இல் வந்த ஜான் லோ வேறு வழி பார்த்தார். உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். உடற்கூறு, மருந்து, காயத்துக்குக் கட்டுப் போடுவது, சிறு அறுவை என்று கற்றுக்கொடுத்து, தேறியவர்களைக் கிளை மருந்தகங்களில் அமர்த்தினார். மனைவியின் உடல்நிலையால் 1868இல் அவரும் ஊர் திரும்பிவிட்டார். அடுத்த ஆங்கிலேய மருத்துவர் தாம்சன் வந்து பொறுப்பேற்றது 1873இல். இடைப்பட்ட அந்த ஐந்து வருடம் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழவில்லை. லோவிடம் படித்த நம் ஊர்ப் பையன்கள்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள்.

எனக்கு நெய்யூர் வரலாற்றில் எல்லாவற்றையும் விட இந்த ஐந்து வருடம்தான் பெரிது. தோள்சீலைப் போராட்டம் நடந்து, மேலாடை உடுத்த 1859இல்தான் அரசரின் உத்தரவு கிடைத்திருந்த காலம் அது. பிறப்பைப் பார்த்து எட்டி நிற்கச் சொன்ன ஊரில், மிஷன் பள்ளியில் படித்த பையன் ஒருவன் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறான் என்றால் அது சாதாரணமா! அவன் நின்றதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வீடு இங்கே, பேச்சு இங்கே, பெண் எடுத்தது இங்கே. கப்பல் ஏற அவனுக்கு ஒரு சீமை இல்லை.

நெய்யூர் என்றாலே சோமர்வெல் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்க்க வந்து, ஒற்றை அறுவை மருத்துவர் ஒருவர் அத்தனை கூட்டத்தோடும் திண்டாடுவதைப் பார்த்து இங்கேயே தங்க முடிவு செய்தார். 1924இல் மறுபடி போய் ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறிவிட்டு மீண்டும் நெய்யூருக்கே வந்தார். இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். ஆனால் அவர் அறுவை நிபுணர். வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி எடுத்தவர். நம் வாட்ஸ்அப் குழு கேட்பது வேறு. சளி, இழுப்பு, சர்க்கரை, கிழவிக்குத் தலைச்சுற்று என்று எதற்கும் முதலில் போய் நிற்கக்கூடிய வீட்டு டாக்டர்.

அப்படி ஒருவர் நம்மிடம் ஆங்கில மருத்துவத்துக்கு முன்பே உண்டு: வர்ம ஆசானும் நாட்டு வைத்தியரும். அவர்கள் ஊரை விட்டுப் போனதில்லை, ஏனென்றால் வித்தை குடும்பச் சொத்து. அதிலேயே ஒரு கோளாறும் உண்டு. வித்தை ரகசியம் என்பதால் எந்த ஆசான் கைதேர்ந்தவர், எவர் பெயருக்கு ஆசான் என்று ஊருக்குத் தெரிய வழியில்லை. கால் கோணிய பிறகுதான் தெரியும்.

பிறகு வந்தவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குக் கீழே, மருத்துவப் பள்ளியில் படித்து வாங்கும் டிப்ளமா அது. (நானும் டிப்ளமாக்காரிதான், அதனால் அவர்கள் மேல் எனக்குத் தனிப் பாசம்.) வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளிதான், 1942இல்தான் அது எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆனது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த 1924 வாக்கில் சென்னை மாகாணம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்தில் குடியேறும் டாக்டருக்கு அரசு மானியம். ஏழைகளை இலவசமாகப் பார்க்க வேண்டும், வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். டாக்டரை ஊரில் நிறுத்துவதற்கென்றே காசு கொடுத்த அரசுத் திட்டம் அது. நமக்கு அது கிடையாது. ராதாபுரம் பக்கம் சென்னை மாகாணம், அஞ்சுகிராமம் திருவிதாங்கூர். கூப்பிடு தூரத்தில் இருந்தும் எல்லை எல்லைதானே. திருவிதாங்கூரிலோ 1951இல் திருவனந்தபுரம் கல்லூரி வரும் வரை மருத்துவக் கல்லூரியே இல்லை.

1946இல் போர் குழு அறிக்கை வந்தது. (போர் என்பது தலைவரின் பெயர், சண்டை இல்லை.) அப்போது இந்தியாவில் பதிவு செய்திருந்த டாக்டர்கள் சுமார் 47,500 பேர், அதில் ஏறக்குறைய 30,000 பேர் எல்.எம்.பி. போன்ற டிப்ளமாக்காரர்கள். அந்தப் படிப்பை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே பட்டம் என்று குழு சொன்னது. குழுவுக்குள்ளேயே சிலர் மறுத்து எழுதினார்கள், ஆள் பற்றாது என்று. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்று டாக்டரைப் பிரிக்கக் கூடாது என்ற எண்ணம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டம் பெரிதானபோது, அதைப் படித்தவன் கண் வைக்கும் ஊரும் பெரிதானது.

எங்கள் சிறுவயதில் வீட்டுக்கு வந்தவர் அப்படி ஒரு பழைய டாக்டர்தான். சைக்கிளில் வருவார். மருந்து வாங்க நாம்தான் குப்பி கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ரோஸ் நிற மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரத்தில் வெட்டுப் போட்ட காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். ஒருமுறை என் தம்பிக்குக் காய்ச்சல். மற்ற பிள்ளைகளுக்கு மிக்சர் கொடுத்தவர் அவனை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வேற மாதிரி, இப்பவே நாகர்கோவில் கொண்டு போங்க" என்று அப்பாவைக் கார் பிடிக்க வைத்தார். அவன் பிழைத்தது அந்த ஒரு வாக்கால்தான். எல்லாக் காய்ச்சலையும் அவர் குணமாக்கியதில்லை. எந்தப் பிள்ளை வழக்கம்போல இல்லை என்று கண்டுபிடிக்க, அந்தப் பிள்ளையை முன்பே தெரிந்திருந்தது.

அதே டாக்டர் கடைசிக் காலத்தில் தும்மலுக்கும் ஊசி போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக எதுவும் படித்ததாகத் தெரியவில்லை. ஒரே ஊரில் நிற்பது மட்டும் போதாது.

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1960களிலிருந்து கால் நூற்றாண்டு நின்றார். நின்றதோடு, ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோரின் ரத்த அழுத்தத்தையும் தேடிப்பிடித்து அளந்து கணக்கு வைத்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதியதை உலகமே இன்றும் பேசுகிறது. நார்வேயில் லட்சக்கணக்கானோரின் பதிவுகளைப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரே குடும்ப டாக்டரிடம் ஒரு வருடமே இருந்தவர்களோடு ஒப்பிட, 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதமும், இறப்பு 25 சதவீதமும் குறைவு.

இப்போது நம் கதை. ஆசாரிபள்ளத்தில் 2001இல் மருத்துவக் கல்லூரி வந்தது. டாக்டர் படித்த பிள்ளைக்குப் பஞ்சமில்லை. என் வகுப்பில் இருந்தே எத்தனை பேர்! தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் டாக்டர்கள் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, நான் இதன் பக்கம்தான். ஆனால் அது அவர்களை வரவைக்கிற கயிறு, கட்டிவைக்கிற கயிறு இல்லை. மூன்று வருடத்தில் நம் சர்க்கரையும் பிரஷரும் தெரிந்துகொண்டவர் மேற்படிப்புக்குப் போய், குழந்தை நிபுணராகவோ எலும்பு நிபுணராகவோ வேறு ஊரில் அமர்கிறார். குடும்ப மருத்துவம் என்றே தனி மேற்படிப்பு இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தலைவலி என்றால் நேரே நரம்பு நிபுணர், ஸ்கேன். உள்ளூர் டாக்டர் நூறு ரூபாய் கேட்டால் "ஒரு ஊசிகூடப் போடல, நூறு ரூவாயா" என்கிறோம். அப்புறம் குழுவில் எழுதுகிறோம், நிக்க மாட்டாவ என்று.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண் எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் மேற்படிப்பு நீட்டுக்கு உட்காரச் சொல்கிறார்கள். அவளுக்கோ இங்கே கிளினிக் போட்டுப் பார்க்க ஆசை. "டீச்சர், எம்.பி.பி.எஸ். மட்டும்தானான்னு கேப்பாவளே" என்றாள். கேட்பார்கள்தான். படிப்பை விடாதே, குடும்ப மருத்துவத்தை இங்கிருந்தபடியே மேலே படிக்க வழி இருக்கிறதா விசாரி என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் பார்க்கிறேன் என்கிறாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, படி ஏறாமல் போகக்கூடிய கீழ்த்தளத்தில் இரண்டு அறை வாடகைக்கு வேண்டும், தண்ணீர் வசதியோடு. அட்வான்ஸ் அதிகம் கேட்காதவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.