மறைத்த இடத்தில் துணை இல்லை

அந்தியூரில் கொடிக்கால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒரு மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ஊருக்குச் சொன்னது 'வயித்துல கட்டி' என்று. "தெரிஞ்சா புள்ளைய எவன் கட்டுவான்?" என்றார் பெரியப்பா.

சிகிச்சை முடிந்ததும் வீடு நிம்மதியானது. பெரியம்மாவுக்கு முடியவில்லை. வருடக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை; வெற்றிலை கிள்ளினால் வீங்கும் கை; ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் தூங்காத இரவுகள். அந்த ஆண்டுகளில் துணைக்கு யாரும் இல்லை. துணை வேண்டும் என்று கேட்கவும் வழியில்லை. அவருக்குத்தான் நோயே இல்லையே.

நம் மாநிலத்தின் புற்றுநோய் மருத்துவ வரலாற்றிலும் ஒரு பெண்ணின் துயரம் இருக்கிறது. 1923இல் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அவரும் இந்திய மாதர் சங்கமும் விடாமல் உழைத்ததில், 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதை விட்டுப் போகவில்லை. உயிரைக் காக்க ஓர் இடம் கிடைத்தது. பிழைத்து ஊர் திரும்பியவளின் மனதுக்கு?

அமெரிக்காவில் 1952இல் டெரீஸ் லாசர் என்ற பெண், தனக்கு மார்பு அகற்றப்பட்டபின், அதே அறுவைக்கு உள்ளான பெண்களை மருத்துவமனைகளில் தேடிப்போய்ப் பார்த்தார். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அம்முயற்சியை ஏற்றது. நோயைக் கடந்தவளே துணையாகலாம் என்று காட்டியது பெரிய காரியம். ஆனால் அந்தத் துணையோடு, இழந்ததை மறைக்கும் ஒரு பஞ்சுத் திண்டும் வந்தது. 1978இல் மார்பை இழந்த கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் அதை மறுத்தார். 1980இல் வெளியான தன் புற்றுநோய்க் குறிப்புகளில் அவர் கேட்டது எளிமையான கேள்வி: எல்லோரும் மறைத்துக்கொண்டால் நாம் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் காண்பது?

அந்தியூரில் அதற்கு விடை ஒரு பேருந்தில் கிடைத்தது. ஈரோடு பரிசோதனைக்குப் போகும் வழியில், பெரியம்மாவின் வீங்கிய கையைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஆறு வருசமாச்சுங்க்கா."

பெரியம்மா அன்று பஸ்ஸிலேயே அழுதார். அதன்பின் இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் போனார்கள். ரவிக்கை தைப்பது முதல் கணவனின் விலகல்வரை பேசினார்கள். மருத்துவமனைச் சீட்டில் இந்தத் துணைக்கு ஒரு வரியும் இல்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.